பாசுகின்னு சொன்னாப் போதும்

வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டுமுங்க. நீங்க பொள்ளாச்சி ரோட்டுல மருந்துக்கடை வெச்சிருக்கறவர்தானுங்க? நெனச்சேன். பழகுன மொகம், பேருதான் தெரியாது. அந்த நாற்காலி வேண்டாங்க, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

சொன்னாங்க, சொன்னாங்க. உங்க பொண்ணுக்கு அந்த ஊர்ல வேலையாம். மாத்திரை பண்ற கம்பெனி. சந்தோசமுங்க. சான் ஹுவான். எழுத்துல ஜே போட்டிருப்பாங்க, வாயில சொல்றப்ப 'ஹ' போட்டுச் சொல்லணும். இல்லாட்டி அந்த ஊர்க்காரங்க சிரிப்பாங்க. நான் அங்க அரை வருசம் இருந்துட்டு வந்தவனுங்க. எம்பொண்ணு அங்கதான் இருக்கறா. பேரு வாசுகி. ஊட்டுல அம்மிணின்னு கூப்புடறது. ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்கற எடத்துக்கு அவதான் தலைமை.

சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்களா? சரியான ஆளுகிட்டத்தான் அனுப்பியிருக்கறாங்க. நான் கண்டக்டரா சேந்து செக்கிங் இன்ஸ்பெக்டரா ரிட்டயர்ட் ஆனவனுங்க. தாராபுரத்துலிருந்து கெளம்புன வண்டி எங்கெங்க நின்னுச்சோ அங்கெல்லாம் சாப்பிட்டிருக்கறேன். ஒரு ஓட்டலுக்குள்ள போனா, கை கழுவற எடத்தைப் பாத்தே சொல்லிருவேன், இங்க சாம்பார் எப்பிடி இருக்கும்னு. அந்தப் பழக்கந்தான் எனக்கு அந்த ஊர்லயும் கை குடுத்துச்சு. எம்பொண்ணு குடுக்கல, அதைச் சொல்லிர்றேன்.

இல்லீங்க, கொறை சொல்லல. நடந்ததைச் சொல்றேன்.

எங்க ஊட்டுல, அவ அம்மா, தவறிப் போன மறு வருசம் எம்பொண்ணு கூப்புட்டா. "அப்பா, தனியா இருந்து என்ன பண்றீங்க, இங்க வந்து இருங்க"ன்னா. நானும் போனனுங்க. அதுக்கு முந்தி பல வருசமா அவளும் நானும் எச்சா பேசிக்கிட்டதில்ல. அவ படிக்கப் போன எடத்துல அந்த ஊர்ப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. ரஃபேல்னு பேரு. கல்யாணத்துக்கு நான் போகல. எங்க ஊட்டுலயும் போக உடல. எங்க ஊட்டுல மட்டும் நான் டூட்டிக்குப் போனதும் போன்ல பேசிக்கும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். பொறகு அந்தப் பையனும் அவளும் பிரிஞ்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். யாரு யாரை உட்டுட்டுப் போனாங்கன்னு இன்னி வரைக்கும் தெரியாதுங்க. நான் கேக்கல. கேட்டா அதுக்கு வருத்தமா இருக்குமில்லீங்க.

சரி, சாப்பாட்டுக்கு வரேன்.

பழைய ஊருங்க அது. சுத்தியும் கோட்டைச்சுவரு, மூணு பக்கம் கடலு. தெருவுல நீலக்கல்லு பாவியிருக்கும். மழை பேஞ்சா வழுக்கும், உங்க பொண்ணுகிட்டச் சொல்லி வைங்க. எம்பொண்ணு ஊடு மாடியில. நான் போயி எறங்குன மக்யாநாளே அவ வேலைக்குக் கெளம்பிட்டா. "அப்பா, காலையில இந்தக் கடையில காப்பி குடிச்சுக்குங்க, மத்தியானம் அந்தக் கடையில சோறு திங்கலாம், தெரு முக்குலதான்"ன்னு மாடியிலிருந்து கை நீட்டிக் காட்டுனா. அவ்வளவுதான். ஒரு சமையல் கெடையாது, ஒண்ணுங் கெடையாது. பெத்த அப்பன் கடல் தாண்டி வந்திருக்கறான், கடையைக் காட்டறா பாருங்க. மனசுக்குச் சங்கட்டமாப் போச்சு.

மொதல்ல காப்பிக்கடை. சதுக்கத்து ஓரத்துல, மஞ்சச் செவுரு. மிலாக்ரோஸ்னு ஒரு அம்மா நடத்துது. நான் உள்ள போயி நிக்கறேன், அந்த அம்மா என்னையப் பாத்த ஒடனே ஒரு சிரிப்புச் சிரிச்சு, "பாப்பா தெ பாசுகி"ன்னுச்சு. எனக்கு ஒரு எழவும் புரியல. என்னையப் பாத்துப் பாப்பாங்கறாளேன்னு பாத்தேன். உக்கார வெச்சு, பால்காப்பி கொண்டாந்து வெச்சுது. கூட என்ன வெச்சுதுங்கறீங்க? எவர்சில்வர் டம்ளர். ஆத்திக் குடிக்கறதுக்கு. நான் அசந்து போயிட்டேன். அந்த ஊர்லயும் எவர்சில்வர் டம்ளர் பொழங்கறாங்க பாருங்க. மத்தவிங்க யாருக்கும் அது வரல, பீங்கான் கப்புலதான் குடிச்சாங்க. பெரிய மனுசன் வந்தா மருவாதிக்குக் குடுப்பாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். காப்பி அருமையான காப்பிங்க. அவிய மலையிலயே வெளையறது. தொட்டுக்க ஒரு பன்னு, மேல சக்கரைத்தூள் தூவுனது. எனக்கு வர்ற பன்னுல மட்டும் தூள் இருக்காது. எனக்குச் சக்கரை இருக்கறது மொகத்தைப் பாத்தே தெரிஞ்சிருக்கும், அந்த அம்மாவுக்கு அப்பிடி ஒரு நோட்டம்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடை. நம்ம மெஸ் மாதிரித்தான். இரிஸ்னு ஒரு அம்மா, நல்ல வாட்டசாட்டமா இருக்கும். அங்கயும் போயி நின்னதும் அதே பேச்சு. "பாசுகி?"ன்னு கேட்டுது. என்னமோ கேக்குது, ஆமான்னு வெப்பமேன்னு தலையை ஆட்டுனேன். சோறு வந்துச்சு, செவப்புப் பயறு போட்ட கொழம்பு வந்துச்சு. எல்லா எலையிலயும், எலையாவது, தட்டுல, பன்னிக்கறி கெடக்குது. என்ர தட்டுல இல்ல. அந்த ஊர்க்காரங்க காரமே திங்க மாட்டாங்கங்க, பச்சத்தண்ணி மாதிரித் திம்பாங்க. என்ர தட்டு ஓரத்துல மட்டும் வதக்குன மொளகா கெடக்குது.

அப்பத்தான் எனக்குப் புடிபட்டுச்சு. பாசுகின்னா அவிய பாசையில, மாட்டுக்கறி பன்னிக்கறி போடாம, காரமாக் குடுங்கன்னு அர்த்தம்.

சிரிக்காதீங்க. சொல்லி முடிக்கறேன் இருங்க.

அதுக்கப்பறம் நானே சொல்லப் பழகிக்கிட்டேன். உள்ள போனதும், "பாசுகி"ன்னு நானே மொதல்ல சொல்லிர்றது. அவிங்களும் சிரிச்சுக்கிட்டு "பாசுகி, பாசுகி"ம்பாங்க. வாழக்காயைப் பொரிச்சுப் பூண்டு போட்டு ஒரலுல இடிச்சு, அந்த ஒரலோடயே கொண்டாந்து வெப்பாங்க, மொஃபோங்கோன்னு பேரு. அதுல பன்னித்தோலு பொரிச்சுப் போடறதுதான் வழக்கம். நான் பாசுகின்னுட்டா போடமாட்டாங்க. பச்சைத் துவரை போட்டு ஒரு சோறு ஆக்குவாங்க, அதுலயும் அப்பிடித்தான். நம்ம துவரைங்க, நம்ம காட்டுல வெளையற அதே துவரை. அதை அந்த ஊர்ல பாத்தப்ப, ஒறம்பரை ஊட்டுக்கு, சொந்தபந்தத்தைப் பாக்கப் போன மாதிரி இருந்துச்சு. கோட்டைப் புல்வெளியில வண்டிக்காரன் ஒருத்தன் ஐஸைச் சீவி, மேல புளித்தண்ணி ஊத்திக் குடுப்பான். அதுக்கும் மேல சக்கரைப்பாகு ஊத்துவான். பாசுகின்னா பாகு ஊத்தமாட்டான்.

சாயங்காலம் ஒரு பார் இருக்குதுங்க. இது உங்க பொண்ணுக்கில்ல, நீங்க போனா உங்களுக்கு. ஒர்லாந்தோன்னு மொட்டைத்தலைக்காரரு. எளநியில ரம்மை ஊத்திக் குடுப்பாரு. வயசானவிங்க உக்காந்து தாயக்கட்டை மாதிரி ஒண்ணை அடுக்கி வெளையாடிக்கிட்டு இருப்பாங்க, டோமினோ. எனக்கும் ஒரு நாற்காலி போட்டாங்க. பேச்சு புரியாது. ஆனாலும் நான் கட்டையை வெச்சா "ஆ"ன்னு ஒரு சத்தம் போடுவாங்க, அது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியாது, நானும் சிரிச்சுக்குவேன். அந்தக் கடையில ஒரு சட்டமுங்க, ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். ரெண்டாவது கேட்டா ஒர்லாந்தோ நெஞ்சுல கை வெச்சு, வேண்டான்னு தலையை ஆட்டுவாரு. மத்தவிங்க நாலஞ்சு குடிப்பாங்க, அவிய உள்ளூர்க்காரங்க, சட்டம் வேற போலிருக்குது. நம்மூர்ல எந்தக் கடைக்காரன் அப்பிடிப் போதும்பான், சொல்லுங்க.

இப்பிடி ஊரே என்னையத் தாங்குச்சுங்க. எம்பொண்ணுதான்.

அவ ஏழரை மணிக்கு மேலதான் வருவா. ரோட்டுல அவ்வளவு காரு. எனக்கு ஏழு மணிக்குச் சாப்பிட்டாகணும். சர்வீஸ்ல இருந்த பழக்கம், மாத்திரையும் போடணும். மத்தியானமே இரிஸம்மா ஒரு டப்பாவுல சோறு கட்டிக் குடுத்துரும், அதைச் சுட வெச்சுச் சாப்பிட்டுட்டு நான் படுத்துருவேன். அவ வருவா, கதவு சத்தம் கேக்கும். "அப்பா, சாப்பிட்டீங்களா"ம்பா. "ஆச்சு"ம்பேன். பொறகு அவ என்னத்தையோ எடுத்து வெச்சுத் திம்பா. ஒரு தட்டுச் சத்தந்தான் கேக்கும். ஒரு நா, "அப்பா, எட்டு மணிக்குச் சேந்து சாப்பிடலாங்களா"ன்னா. "மாத்திரை நேரம் தப்பிப் போயிரும் அம்மிணி"ன்னேன். அவ ஆஸ்பத்திரிக்காரி, அவளுக்குத் தெரியாதா. அப்பறம் கேக்கல.

ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவுங்க. வாரமெல்லாம் ஓடுனவ, தூங்கட்டும்னு நான் சத்தமில்லாமக் கதவைச் சாத்திட்டு மிலாக்ரோஸ் கடைக்குப் போயிருவேன். எந்திரிச்சதும் போன் பண்ணுவா. "அப்பா எங்க இருக்கீங்க?" "காப்பி குடிச்சாச்சு, நீ தூங்கு கண்ணு." "தோசை மாவு அரைச்சு வெச்சிருந்தேன்ப்பா." "நீ சாப்பிடு." அப்பிடி அதுக்குத் தொந்தரவு குடுக்காம இருந்தனுங்க. ஆனா பாருங்க, அரை வருசத்துல அவளும் நானும் ஒரு மேசையில உக்காந்து சாப்பிட்டது கையில எண்ணிப்போடலாம். இதை யாருகிட்டப் போயிச் சொல்றது. பெத்த புள்ளைக்கு அப்பனோட உக்காந்து சாப்பிட ஒரு அரை மணி நேரம் இல்லாமப் போச்சு.

தண்ணி குடிங்க. கேட்கறவிங்க தொண்டையும் காயும்.

அப்பறம் அந்த மழை நாளு. அதைச் சொன்னாத்தான் இது முடியும்.

எனக்கு என்னமோ அந்தக் கோட்டைக்குள்ளயே சுத்திச் சுத்தி அலுத்துப் போச்சு. பஸ்ஸுல போயி வருசமாச்சே, ஒரு தடவை ஏறிப் பாத்துருவோம்னு தோணுச்சு. மிலாக்ரோஸம்மாகிட்ட ஸ்டியரிங் புடிக்கற மாதிரி கையைக் காட்டி, அலை மாதிரி கையை ஆட்டி, கடலோரமாப் போற வண்டி எதுன்னு கேட்டேன். அந்த அம்மா மொகத்தைச் சுளிச்சுது, வேண்டாங்கற மாதிரித்தான். நான் சிரிச்சுக்கிட்டே கெளம்பிட்டேன். ஸ்டாண்டுல ஏறுனேன். நல்ல வண்டிங்க, சீட்டெல்லாம் கிழியாம இருந்துச்சு. கண்டக்டரே கெடையாது. அது ஒண்ணுதான் எனக்குப் புடிக்கல.

கெழக்கால ரொம்ப தூரம் போயி, தென்னைமரம், மணலு, வரிசையாப் பலகாரக்கடை. பெரிய பெரிய சட்டியில என்ன என்னமோ பொரியுது. வாசம் நம்ம போண்டாக்கடை வாசமுங்க. வயிறும் பசிச்சுது. ஒரு கடைக்கு முன்னால போயி நின்னு, கம்பீரமா, "பாசுகி"ன்னேன்.

அந்த அம்மா என்னைய மேலுங்கீழும் பாத்துச்சு. "கே?"ன்னுச்சு. என்னன்னு கேக்கறதுங்க அது. "பாசுகி, பாசுகி"ன்னு ரெண்டாவது தரம் சத்தமாச் சொன்னேன். அந்த அம்மா பக்கத்துக் கடைக்காரியைக் கேட்டுது. அவளுக்கும் தெரியல. ரெண்டு பேரும் உதட்டைப் பிதுக்குனாங்க. சரி, இவிய வேற ஊரு, இவிய பாசையில வேற சொல்லு இருக்கும்னு, அடுத்த கடைக்குப் போனேன். அங்கயும் அதேதான். கடைசியில ஒருத்தி பாவம் பாத்து, நீளமா ஒரு பலகாரத்தைக் காயிதத்துல சுத்திக் குடுத்தா. ஒரு கடி கடிச்சேன். உள்ள கறி. என்ன கறின்னு சைகையில கேட்டேன். அவ மூக்கை வெரலுல மேல தள்ளிக் காட்டுனா. பன்னி. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. ஓரமாப் போயித் துப்பிட்டு, காயிதத்தை மடிச்சுத் தொட்டியில போட்டுட்டு, ஸ்டாப்புக்கு வந்து உக்காந்தேன்.

மழை புடிச்சுக்கிச்சு. அந்த ஊர் மழை தூத்தலா ஆரம்பிக்கறதெல்லாம் கெடையாதுங்க, கொட்டும். ரோட்டுல தண்ணி நின்னுக்கிச்சு. வண்டி வரல. கடையெல்லாம் ஒண்ணொண்ணா சாத்திக்கிட்டுப் போறாங்க. போனை எடுத்தா உசுரில்லாமக் கெடக்குது. நான் எத்தனை பேரைப் பாத்திருப்பேன், வழியில வண்டி நின்னு போயி ரோட்டோரம் உக்காந்திருக்கறவங்களை. "அடுத்த வண்டி வரும், இருங்க"ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். அங்க எனக்கு அப்பிடிச் சொல்லக்கூட ஒரு ஆள் இல்ல. பக்கத்துல உக்காந்திருந்த நாயிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன், தமிழ்லதான். அதுவும் மழை கொஞ்சம் உட்டதும் எந்திரிச்சுப் போயிருச்சு.

வெளிச்சம் மங்கறப்ப ஒரு பழைய காரு தண்ணியைப் பொளந்துக்கிட்டு வந்து நின்னுச்சு. பாத்தா ஒர்லாந்தோ. பின்னால மிலாக்ரோஸம்மா. கடையைச் சாத்திட்டு, நான் கேட்ட அந்த பஸ் போற வழியிலயே தேடிக்கிட்டு வந்திருக்கறாங்க. அந்த அம்மா எறங்கி வந்து என்ர கையைப் புடிச்சுக்கிட்டு என்னமோ படபடன்னு பேசுது, கண்ணுல தண்ணி வேற. ஒர்லாந்தோ போனைக் காதுல வெச்சு, "பாசுகி, பாசுகி"ன்னு கத்தறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. இந்த நேரத்துல இந்த மனுசன் யாருகிட்ட எனக்குச் சோறு சொல்றாருன்னு பாக்கறேன். போனை என்ர காதுல வெச்சாரு.

"அப்பா"ன்னுச்சு.

எம்பொண்ணு.

"அப்பா, நனைஞ்சுட்டீங்களா? பயந்துட்டீங்களா?"

"இல்ல அம்மிணி, ஓரமாத்தான் நின்னேன்"னேன்.

"நான் இந்தப் பக்கம் கோட்டையில தேடிக்கிட்டு இருந்தேன்ப்பா. இரிஸ் கடல்பக்கம் போயிருக்கறா. அவிங்களோட ஏறி வாங்க. ஈரத்தோட உக்காராதீங்க, மிலாக்ரோஸ் துண்டு வெச்சிருக்கறா."

எல்லார் பேரும் அவ வாயில வருது. நான் போனைக் குடுத்துட்டுக் காருல ஏறுனேன். ஒர்லாந்தோ கண்ணாடியில என்னையப் பாத்து, நெஞ்சுல கை வெச்சு, "பாப்பா தெ பாசுகி"ன்னாரு. அவிய பேச்சுல பாப்பான்னா அப்பனாமுங்க. அவிய நாக்குல 'வா' வராது, 'பா'ன்னுதான் வருமாம். இந்த வெவரம் பொறகு தெரிஞ்சுது. ஆனா காருக்குள்ள, அந்த நிமிசமே, எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. நான் கடை கடையாப் போயி நின்னு, சோத்துக்கு எம்பொண்ணு பேரைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கறேன்.

அவ முன்னாலயே ஒவ்வொரு கடையாப் போயிச் சொல்லி வெச்சிருக்கறா. எங்கப்பா வருவாரு, அதைப் போடாதீங்க, இதைப் போடுங்க, சக்கரை வேண்டாம், மொளகா வேணும், ரம்மு ஒண்ணுக்கு மேல குடுக்காதீங்கன்னு. ஐஸ் வண்டிக்காரன் வரைக்கும் போயிச் சொல்லியிருக்கறா.

நீங்களே சொல்லுங்க. இதை எங்கிட்டச் சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிரும்? "அப்பா, நான் சொல்லி வெச்சிருக்கறேன்"னு ஒரு வார்த்தை. ஊரெல்லாம் போயிச் சொல்றதுக்கு நேரம் இருந்துச்சு. எங்கூட உக்காந்து சாப்பிட நேரம் இல்ல. அதைத்தான் என்னால இன்னும் ஏத்துக்க முடியலீங்க.

ஊட்டுக்குப் போனேன். அவ எனக்கு முந்தி வந்திருந்தா. தலையெல்லாம் ஈரம், வேலைக்குப் போட்டுட்டுப் போன துணியோடயே நிக்கறா. மேசையில ரெண்டு தட்டு. ரசம் வாசம் வருது. எங்க ஊட்டுல வெக்கற அதே ரசம், பூண்டு தூக்கலா.

திட்டுவான்னு பாத்தேன். திட்டல. "அப்பா, சாப்பிட்டீங்களா?"ன்னா.

"ஆச்சு"ன்னேன்.

ஏன் சொன்னேன்னு கேட்டீங்கன்னா, வாய்க்குப் பழகிப்போன சொல்லுங்க அது. காலையிலிருந்து அந்த ஒரு கடிதான், அதையும் துப்பியாச்சு. அவ என்ர மொகத்தைப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனாலும் ஒரு தட்டை எடுத்துத் திரும்ப அலமாரியில வெச்சா. நான் துணி மாத்திட்டுப் படுத்துட்டேன். பசி வயித்தைப் புடுங்குது. அங்க ஒரு தட்டுச் சத்தம் கேக்குது, நிக்குது, மறுபடி கேக்குது. எந்திரிச்சுப் போயி உக்காந்திருக்கலாம். சாப்பிட்டேன்னு சொல்லிட்டு எப்பிடிங்க போறது?

மக்யாநா மிலாக்ரோஸ் கடைக்குப் போனேன். காப்பியும் டம்ளரும் வந்துச்சு. என்னமோ தோணி, காப்பியைக் குடிச்சுட்டு டம்ளரைக் கவுத்துப் பாத்தேன். அடியில புள்ளி புள்ளியா வெட்டியிருந்துச்சு. செ. பாப்பாத்தி. எங்க ஊட்டுல பேருங்க. செ-ன்னா நாந்தான், சென்னியப்பன். அம்மிணி படிக்கப் போறப்ப எங்க ஊட்டுல பெட்டியில வெச்சு அனுப்பிச்ச டம்ளரு. நான் இத்தனை நாளா எங்க ஊட்டு டம்ளருலயே குடிச்சுக்கிட்டு, அந்த ஊர்ல எவர்சில்வர் கெடைக்குதுன்னு உங்களை மாதிரி பத்துப்பேர்கிட்டப் போன்ல சொல்லிக்கிட்டு இருந்திருக்கறேன்.

அதை அம்மிணிகிட்டச் சொல்லலீங்க. அவளும் கேக்கல. மிச்சமிருந்த நாளும் அப்பிடியேதான் போச்சு. நான் போயி நிக்கறது, அவிங்க "பாசுகி"ங்கறது. நான் மட்டும் அதுக்கப்பறம் அந்தச் சொல்லைச் சொல்லறதில்ல. சும்மா நிப்பேன். அவிங்களே சொல்லிக்குவாங்க.

கெளம்பற அன்னிக்குச் சொல்லிட்டு வரலாம்னு போனேன். இரிஸம்மா கட்டிப் புடிச்சுக்கிட்டு உடவே இல்ல. மிலாக்ரோஸம்மா அந்த டம்ளரைக் கழுவித் தொடச்சு, துணியில சுத்தி என்ர கையில குடுத்துச்சு. நான் வாங்கி, துணியைப் பிரிச்சு, திரும்ப அந்த அம்மா மேசை மேலயே வெச்சேன். "பாசுகி"ன்னேன். அவளுக்கு, அவ வந்தாக் குடிக்கட்டும்னு. அந்த அம்மாவுக்குப் புரிஞ்சுதான்னு தெரியல. தலையை ஆட்டுச்சு.

ஏர்போர்ட்டுல அம்மிணி எனக்குக் கட்டுச்சோறு குடுத்தா. புளிச்சோறு. "அப்பா, பிளைட்டுல குடுக்கறது புடிக்கலைன்னா இதைச் சாப்பிடுங்க"ன்னா. "நீ சாப்பிட்டியா"ன்னேன். "போயிச் சாப்பிட்டுக்கறேன்"னா. அந்த மேசையும் அந்தத் தட்டும் எனக்குக் கண்ணுக்குள்ள வந்துச்சு. அதுக்குள்ள கூப்புட்டுட்டாங்க.

எந்திரிக்கறீங்களா? இருங்க, சொல்ல வந்ததைச் சொல்லிர்றேன். உங்க பொண்ணு போயி எறங்குனதும் நேரா அந்த மஞ்சக் கடைக்குப் போகட்டும். பாசுகின்னு சொன்னாப் போதும், வயித்துக்குக் கொறை இருக்காது. அப்பறம், அதுக்குத் தோதுப்பட்டா, எம்பொண்ணு ஊட்டுக்கும் ஒரு நா போயிட்டு வரட்டும். சும்மா, ஊர்க்காரப் புள்ளைன்னு. ஏழரைக்கு மேல போனாத்தான் ஆள் இருக்கும். எட்டு மணின்னு வெச்சுக்குங்களேன். சாப்பிடாமப் போகச் சொல்லுங்க. ரசம் நல்லா வெப்பா. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

இப்ப எங்கிட்டப் பேசறாளான்னா? பேசறதுக்கென்னங்க, பேசறா. வாராவாரம் ஞாயித்துக்கிழமை பேசறா, நமக்கு ராத்திரிச் சோத்து நேரம், அவளுக்குக் காலை. நான் தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், போன் வரும். "அப்பா, சாப்பிட்டீங்களா?" "ஆச்சு. நீ சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்ப்பா." அதோட பேச்சு தீந்துரும், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் புடிச்சுக்கிட்டே இருப்போம். யாருகூடச் சாப்பிட்டேன்னு கேக்கலாம்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். கேக்கமாட்டேன். கேட்டா, அவளும் திருப்பிக் கேப்பாளில்லீங்க.